மேற்பல்லும் கண்பார்வையும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளை நகரைக் கடந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் வடக்கே சென்றால் அலுவிகாரை என்னும் ஊர் வரும். பெரும் பாறைகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து கிடக்கும் இடத்தில் குகைகளுக்குள்ளே பழைமையான பௌத்த விகாரை அமைந்திருக்கிறது. சுற்றுப்புறமெங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். கறுவாவும் மிளகும் சாதிக்காயும் ஏலமும் விளையும் இம்மண்ணில் கராம்பும் விளைகிறது. பல்வலியால் இரவெல்லாம் துடித்தவர்க்கு அக்கராம்பின் அருமை தெரியும். நோகும் பல்லின் குழியில் ஒரு கராம்பை வைத்துக் கடித்தால், அதிலுள்ள யூஜெனால் என்னும் எண்ணெய்ப் பொருள் நரம்பை மரக்கச் செய்கிறது. வலி தணிகிறது, பொழுதும் விடிகிறது. பல்வைத்தியர்களும் அப்பொருளைத் தம் மருந்துக் கலவைகளிற் சேர்த்து வந்திருக்கின்றனர்.

கராம்போடு கூடவே பெரியோர் ஓர் எச்சரிக்கையையும் சொல்லி வந்தனர். “மேற்பல்லைப் பிடுங்காதே, கண் போய்விடும்” என்பதே அது. இலங்கையிலும் தமிழகத்திலும் இதனைக் கேளாத வீடு அரிது. கீழ்ப்பல் என்றால் துணிந்து வைத்தியரிடம் போகின்றவரும், மேற்பல் என்றால் மாதக்கணக்கிற் கராம்பையும் வலிநிவாரண மாத்திரையையும் மாறிமாறி வைத்துக் காலத்தைக் கடத்துகின்றனர். அதற்குள் பல்லின் வேரிற் சீழ் கட்டிவிடுகிறது. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது, அதற்கு எப்பொழுதாவது காரணம் இருந்ததா என்பதை ஆராய்ந்தால், பல்லை எப்பொழுது எடுக்கவேண்டும் என்னும் பழைய கேள்விக்கும் ஒருவாறு விடை கிடைக்கும்.

அலுவிகாரைக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பு கராம்போடு முடிவதன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் காலத்தில், தென்னிந்தியப் படையெடுப்பும் கொடும் பஞ்சமும் இந்நாட்டை வாட்டின. கிழங்கையும் வேரையும் இலையையும் தின்று பிக்குமார் உயிர்தாங்கினர் என்றும், பலர் மாண்டனர் என்றும் பௌத்த நூல்கள் கூறுகின்றன. அதுவரை திரிபிடகம் முழுவதும் வாய்மொழியாகவே காக்கப்பட்டது. ஓதுவோர் மாண்டால் ஓதப்படுவதும் மாளும் என்ற நிலை வந்தபொழுது அதனை ஏட்டில் எழுதத் துணிந்தனர். எழுதிய செய்தியை மகாவம்சம் கூறுகிறது. இடத்தின் பெயரைக் கூறவில்லை. அவ்விடம் மாத்தளையிலுள்ள ஆலோக விகாரையே என்று பிற்காலச் சிங்கள நூல்கள் கூறும். தாளிப்பனை ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, கரியும் எண்ணெயும் கலந்த மையைத் தடவி எழுத்தைத் துலங்கச் செய்யும் முறையை அங்குச் செல்வோர்க்கு இன்றும் செய்து காட்டுகின்றனர். விகாரையிலிருந்த பழைய சுவடிகளிற் பெரும்பாலானவை 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படையினரால் அழிந்தன.

அவ்வாறு எழுதப்பெற்ற விநய பிடகத்தில், சுல்லவக்கம் என்னும் பகுதியிற் பற்குச்சியைப் பற்றிய விதிகள் உள்ளன. பற்குச்சி மெல்லாமையால் வரும் கேடுகள் ஐந்து: கண்ணுக்குத் தீது, வாய் நாறும், சுவை நரம்புகள் தூய்மையடையா, பித்தமும் சளியும் உணவிற் படியும், உணவில் விருப்பம் குன்றும். இவற்றுள் முதலாவதைக் கவனித்தல் வேண்டும். பல்லின் தூய்மைக்கும் கண்ணின் நலத்திற்கும் முடிச்சுப் போடும் எண்ணம் அக்காலத்திலேயே இருந்திருக்கிறது. பற்குச்சியின் நீளத்திற்கும் ஒரு கதை உண்டு. சில பிக்குமார் மிக நீண்ட குச்சியை வைத்துக்கொண்டு, அதனாலேயே இளந்துறவிகளை அடித்தனராம். ஆகவே எட்டு அங்குலிக்கு மேற்படலாகாது என்று விதி பிறந்தது. அங்குலி என்பது விரற்கடை. பின்னர் ஒருவர் மிகக் குறுகிய குச்சியை மெல்ல, அது தொண்டையிற் சிக்கியது. ஆகவே நான்கு அங்குலிக்குக் குறையலாகாது என்று மற்றொரு விதி வந்தது. பிறர் கொடாத எதனையும் பிக்கு வாயிலிடலாகாது என்னும் கண்டிப்பான கட்டளையிலும் நீருக்கும் பற்குச்சிக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.

இவையெல்லாம் பல்லைக் காப்பதற்குரியவை. காத்தும் கெட்டுவிட்ட பல்லை என்ன செய்வது என்பதை அறிய வைத்திய நூல்களைத்தான் நாடவேண்டும். பாரத நாட்டுச் சத்திர வைத்தியத்திற்கு மூலநூலாகப் போற்றப்படும் சுசுருத சங்கிதை, வாயில் வரும் நோய்கள் அறுபத்தைந்து என எண்ணுகிறது. அவற்றுட் பதினைந்து ஈறாகிய முரசைப் பற்றியவை. எட்டுப் பல்லைப் பற்றியவை. முரசில் உண்டாகும் புரையோடிய புண்ணுக்கு அது கூறும் சிகிச்சை வியக்கத்தக்க தெளிவுடையது. எந்தப் பல்லைச் சார்ந்து புரை தோன்றியதோ அந்தப் பல்லை எடுத்துவிடு. கெட்ட தசையைக் கருவியால் அரிந்து, புண்ணைத் தூய்மை செய்து, காரத்தினாலோ நெருப்பினாலோ சுடு என்கிறது. எடாமல் விட்டால் என்ன நேரும் என்பதையும் அது மறைக்கவில்லை. சீழின் வழி தாடையெலும்பைத் துளைத்துச் செல்வது திண்ணம்; ஆதலின் உடைந்து ஆடுகின்ற பல்லை வேரோடு களையவேண்டும் என்பது அதன் முடிவு.

ஆயின், அந்த விதிக்குள்ளேயே ஒரு விலக்கு இருக்கிறது. அப்பல் மேற்பல்லாக இருத்தல் கூடாது. உறுதியாக வேரூன்றிய மேற்பல்லைப் பிடுங்கினாற் குருதி மிகுதியாகப் பெருகும். அதனாற் கொடிய நோய்கள் வரும். ஒரு கண் குருடாகும். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஆகையால் மேற்பல் ஆடினாலும் வைத்தியன் அதனை எடுக்கலாகாது என்று சுசுருதம் தடுக்கிறது. நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் சொல்லும் இதுவேயன்றோ? நூலிலிருந்து வீட்டிற்கு வந்ததா, வீட்டிலிருந்து நூலுக்கு ஏறியதா என்று தீர்ப்பது எளிதன்று. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்பது மட்டும் தெளிவு.

இவ்வச்சம் பாரத நாட்டிற்கே உரியதும் அன்று. அலுவிகாரையில் ஏடு எழுதப்பட்டதற்குச் சில தலைமுறைகளின் பின்னர், ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் இலத்தீன் மொழியில் ஒரு வைத்திய நூல் செய்தார். பல் எடுப்பதைப் பற்றி அவர் எழுதும்போது, மேற்பல்லை எடுப்பதிலே ஆபத்து மிகுதி என்றும், அது கன்னப்பொறியையும் கண்ணையும் அதிரச் செய்யக்கூடும் என்றும் குறிக்கிறார். குழிவிழுந்த பல்லைக் குறடு நெரித்து உடைத்துவிடாதிருக்க, முதலில் அக்குழியைத் துணிநாரினாலோ ஈயத்தினாலோ அடைக்கவேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். அனுபவமுள்ள கைதான் இவ்வாறு எழுதும்.

கிரேக்க நாட்டிற் கதை இன்னும் சுவையானது. டெல்பியில் அப்பல்லோ தெய்வத்தின் கோயிலிலே பல் பிடுங்கும் குறடு ஒன்று வைக்கப்பட்டிருந்ததாம். அது இரும்பினாலானதன்று, ஈயத்தினாலானது. ஈயக் குறட்டினால் உறுதியான பல்லை இழுத்தால் வளைவது குறடே. தானே ஆடி விழப்போகும் பல்லைத்தான் அதனால் எடுக்கமுடியும். எந்தப் பல்லை எடுக்கலாம், எதனை எடுக்கலாகாது என்பதை ஒரு நூல் முழுவதும் எழுதிச் சொல்வதைவிட இந்த ஈயக் குறடு நன்றாகச் சொல்லிவிட்டது.

பத்தாம் நூற்றாண்டிலே கோர்தோபா நகரத்தருகே வாழ்ந்த அராபியச் சத்திர வைத்தியர் அல்-சகராவி வேறொரு தவற்றைக் கண்டித்தார். பல்வலி கொண்டவன் எந்தப் பல் நோகிறது என்பதில் ஏமாறுகிறான். நல்ல பல்லைக் காட்டுகிறான். கற்றறியாத நாவிதன் அதனைப் பிடுங்கிவிடுகிறான். வலியோ அப்படியே இருக்கிறது. பிறகுதான் நோயுற்ற பல் தெரிகிறது. இதனைத் தாம் பலமுறை கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். ஒரு பல்லின் நோவு மற்றொரு பல்லிலும், சில வேளை காதிலும், கன்னப்பொறியிலும் தோன்றுவது உண்மையே. மேற்றாடை நோவும் கீழ்த்தாடை நோவும் ஒரே நரம்பின் கிளைகள் வழியாக மூளையை அடைவதால் இம்மயக்கம் நேருகிறது.

இத்துணைப் பேரறிவாளர் பல நாடுகளில் ஒரே அச்சத்தைக் கொண்டிருந்தனர் என்றால், அது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் முறையன்று. அவர்கள் கண்டது உண்மை. கண்டதற்குக் கற்பித்த காரணந்தான் தவறு. பல்லின் உணர்ச்சியை ஏந்துவது மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாவது நரம்பு. பார்வையை ஏந்துவது இரண்டாவது நரம்பு. இரண்டிற்கும் இடையே, ஒன்றை இழுத்தால் மற்றொன்று அறுந்துபோகும் இணைப்பு எதுவுமில்லை. ஆனால் மேல்வேட்டைப்பல்லின் வேரும் மேற்கடைவாய்ப்பற்களின் வேர்களும் கண்குழிக்குத் தொலைவில் இல்லை. வேட்டைப்பல்லின் வேரிற் கட்டிய சீழ் கன்னத்தில் ஏறினாற் கண்ணிமை வீங்கி மூடிக்கொள்கிறது. முகத்து நாளங்களிற் குருதி இரு திசையிலும் ஓடக்கூடியது. ஆகவே நோய்க்கிருமி அவ்வழியே உள்நோக்கிச் சென்று, கண்ணின் பின்னேயுள்ள பெருநாளக் குழியிற் குருதியை உறையச் செய்துவிட்டாற் கண்ணின் அசைவும் பார்வையும் கெடும், உயிருக்கும் ஆபத்து. இது அரிது, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றுமுன்னர் இது வந்தவர் பிழைத்தல் அதனினும் அரிது.

ஆகவே, பழங்கால வைத்தியர் கண் கெட்ட நோயாளிகளைக் கண்டிருக்கலாம். பொறுத்துப் பொறுத்து, முகம் வீங்கிக் காய்ச்சல் கண்ட பின்னரே அக்காலத்தில் ஒருவன் குறட்டுக்கு உடன்பட்டிருப்பான். பல் எடுக்கப்பட்ட சில நாட்களிற் கண் கெட்டால், பழி குறட்டின்மேல் விழுந்திருக்கும். அதற்குமுன் பல வாரங்கள் சீழ் வேலை செய்ததை எவர் எண்ணிப் பார்த்திருப்பர்? மற்றொரு தற்செயலும் இவ்வச்சத்திற்குத் துணைநின்றது. நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்துத் தொடங்குகிறது. பலர் கடைவாய்ப்பற்களை இழக்கும் பருவமும் அதுவே. பல்லை எடுத்தேன், அடுத்த ஆண்டு கண்ணாடி போட்டேன் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இக்காலத்து ஊசிமருந்து மிக அரிதாகக் கண்ணின் தசைகளை எட்டிப் பொருள்களை இரண்டிரண்டாகக் காட்டுவதுண்டு. மருந்தின் வேகம் தணிந்ததும் அதுவும் நீங்கிவிடும்.

பல்லை எடுப்பதா வைப்பதா என்ற முடிவு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் நின்றதற்கு மூன்று குறைகள் காரணம். வலியை அடக்க வழியில்லை. நோயின் காரணம் தெரியாது. தாடைக்குள் நடப்பதைக் காணமுடியாது. இம்மூன்றும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குள் நீங்கின. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரிற் பல்வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவைத் தாமே சுவாசித்துத் தம் கடைவாய்ப்பல்லை எடுக்கச் செய்தார். 1846இல் போஸ்ரன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதரைக் கொண்டு வலியின்றிப் பல் எடுத்தார். 1884இல் கொக்கெயின் கண்ணை மரக்கச் செய்யும் என்று வியன்னாவிற் காட்டப்பட்டது. விரைவிலேயே அது தாடை நரம்புக்கும் வந்தது. அதன் தீமை நீங்கிய மருந்துகள் பின்னர் வந்தன. 1943இற் கண்டுபிடிக்கப்பட்ட லிக்னொகெயின் இன்றும் பயன்படுகிறது. பல்லைப் புழு தின்னுகிறது என்னும் நெடுங்கால நம்பிக்கையை 1728இலேயே பிரான்சு நாட்டுப் பியர் போஷார் மறுத்திருந்தார். வாயிலுள்ள நுண்ணுயிர்களே பல்லை அரிக்கும் அமிலத்தைத் தோற்றுவிக்கின்றன என்பதை 1890இல் வில்லபி மில்லர் தம் நூலில் விளக்கினார். 1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டுச் சில வாரங்களே கழிந்த நிலையில், ஜெர்மனியிற் பல்லின் படமும் எடுக்கப்பட்டது.

குறட்டின் அச்சம் தீர்ந்ததும் மனிதர் மறு கோடிக்கு ஓடினர். 1910ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில், வில்லியம் ஹன்டர் என்னும் ஆங்கில வைத்தியர் ஓர் உரை நிகழ்த்தினார். பொன்முலாம் பூசிய மூடிகளின் கீழே அழுகிக் கிடக்கும் பற்களே உடம்பின் பல நோய்களுக்கு ஊற்று என்பது அவர் வாதம். அதில் ஓர் உண்மை இருந்தது, அளவுதான் கெட்டது. மூட்டுவாதம், இரத்தசோகை, சோர்வு முதலிய எல்லாவற்றிற்கும் பல்லே காரணமென்று கருதி, நோயாளரின் பற்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கும் வழக்கம் பரவியது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்ரென்டன் நகரிலிருந்த மனநோய் வைத்தியசாலையில், ஹென்றி கொட்டன் என்பவர் மனநோய்க்கும் இதுவே மருந்தென்று எண்ணி நோயாளரின் பற்களை எடுத்தார். தம் சொந்தப் புதல்வரின் பற்களையும் எடுப்பித்தார். 1930களுக்குப் பின்னர், அவ்வாறு பல்லிழந்தவர் நோய் நீங்கவில்லை என்பது தெளிவாகி அவ்வழக்கம் தேய்ந்தது. எடுக்கவேண்டிய பல்லை எடுக்காமல் ஒரு காலம். எடுக்கவேண்டாததை எடுத்து மற்றொரு காலம்.

இலங்கையிற் பல்வைத்தியக் கல்வி 1943ஆம் ஆண்டு கொழும்பிலே பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1950களிற் பேராதனைக்கு மாற்றப்பட்டது. அலுவிகாரையிலிருந்து அவ்விடம் ஒரு மணித்தியாலப் பயணத்திற்குச் சற்று மேற்பட்ட தொலைவே. அரசாங்க வைத்தியசாலையிற் பல் எடுப்பதற்குக் கட்டணமில்லை. ஆயினும், மாத்தளை மலைத்தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வைத்தியசாலைக்குச் செல்லும் நாள் கூலியில்லாத நாள். பல்வேரைத் தூய்மை செய்து பல்லைக் காப்பதற்குப் பலமுறை செல்லவேண்டும். எடுப்பதற்கு ஒருமுறை போதும். எனவே காக்கத்தக்க பல்லும் பல வேளைகளில் எடுக்கப்படுகிறது. அவளைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. வெற்றிலையில் வைத்த புகையிலை நோவைச் சிறிது மழுக்குவதாற் காலம் இன்னும் நீளுகிறது.

காலத்தை நீட்டுவதிலுள்ள பெரிய ஏமாற்றம் வேறொன்று. பல நாள் வருத்திய பல்வலி ஒருநாள் தானே நின்றுவிடும். கராம்பு வென்றது என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில் நின்றது நோயன்று. பல்லின் உள்ளேயிருந்த நரம்பு செத்துவிட்டது. நோவைச் சொல்ல அங்கே ஆளில்லை. கிருமியோ செத்த நரம்பின் வழியே வேரின் நுனிக்கு இறங்கி எலும்பிற் சீழை வளர்க்கிறது. முரசிற் சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் கசிந்தால் நோவும் வராது. சுசுருதம் கூறிய புரை இதுவே.

இன்றைய பல்வைத்தியர் முதலிற் கேட்பது மேற்பல்லா கீழ்ப்பல்லா என்பதன்று. பல்லிற் சுவர் எஞ்சியிருக்கிறதா, வேர் பிளந்திருக்கிறதா, அதனைத் தாங்கும் எலும்பு மிச்சமிருக்கிறதா என்பதே கேள்வி. எஞ்சியிருந்தால், செத்த நரம்பை அகற்றி வேர்க்குழாயைத் தூய்மை செய்து அடைத்துப் பல்லைப் பல்லாண்டு காக்கலாம். வேர் நெடுக்காகப் பிளந்துவிட்டால், அல்லது எலும்பு பெரும்பாலும் கரைந்துவிட்டால், எடுப்பதே சிகிச்சை. பெனிசிலின் முதலிய மருந்துகள் பரவும் கிருமியைத் தடுக்கும். குருதியோட்டமற்ற செத்த பல்லின் உள்ளே அவை சென்று சேர்வதில்லை. ஊற்றை அடைக்காமல் ஓடையை இறைப்பது போன்ற வேலை அது. மாத்திரை முடிந்த சில வாரங்களில் வீக்கம் மீளுவதன் காரணம் இதுவே.

வீக்கம் வற்றியபின் வாருங்கள் என்று திருப்பியனுப்பும் வழக்கம் ஒருகாலத்தில் எங்கும் இருந்தது. அழற்சியுள்ள இடத்தில் ஊசிமருந்து சரியாக வேலை செய்யாது என்பது அதற்கு ஒரு காரணம். எடுத்தால் நோய் பரவும் என்ற அச்சம் மற்றொன்று. முதற் காரணத்தில் உண்மையுண்டு. நரம்பு தொடங்கும் இடத்தில், வீக்கத்திற்கு அப்பால் ஊசியிட்டு அதனைப் பெரும்பாலும் கடக்கலாம். இரண்டாவது அச்சத்திற்கு ஆதாரமில்லை. தக்க கையினாற் பல் எடுக்கப்பட்டுச் சீழ் வெளியேறினால் வீக்கம் விரைவில் தணிகிறது. வீணே பிந்தினாற்றான் கேடு.

அக்கேடு எத்தகையது என்பதை 1836இல் ஸ்ருட்கார்ட் நகர வைத்தியர் லூட்விக் விவரித்தார். கீழ்க்கடைவாய்ப்பல்லின் சீழ் நாவின் கீழும் தாடையின் கீழும் இருபுறமும் பரவி, நாவை மேலே தூக்கி, கழுத்தைக் கட்டையாக்கி, மூச்சை அடைக்கும் நோய் அது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நுண்ணுயிர்க்கொல்லிகள் வருமுன் அந்நோய் கண்டவரிற் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். மேற்பல்லுக்கு அஞ்சிய உலகம் கீழ்ப்பல்லுக்கல்லவா அஞ்சியிருக்கவேண்டும்! வாயைத் திறக்க முடியாமை, எச்சிலையும் விழுங்க இயலாமை, குரல் மாறுதல், மூச்சுத் திணறல், வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ ஏறுதல், குளிர்காய்ச்சல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அவ்விரவே பெரிய வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கூலியையும் பேருந்தையும் எண்ணும் நேரம் அதுவன்று.

சுசுருதம் அஞ்சிய குருதிப்பெருக்கு இப்பொழுது பெரும்பாலும் ஒரு சிறு துணித்திரையில் அடங்கிவிடுகிறது. பல் எடுத்த குழியின்மேல் அதனை வைத்து அரைமணி நேரம் இறுகக் கடித்திருந்தாற் குருதி உறையும். அன்று முழுவதும் வாயைக் கொப்புளித்தலும் புகைத்தலும் ஆகா. உறைந்த குருதி பெயர்ந்துவிடும். குருதி உறையாதிருக்க மருந்துண்போரும், நீரிழிவு உடையோரும் அதனை முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லிவிடவேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. மறுநாள் வெதுவெதுப்பான உப்புநீர். சில நாட்களிற் குழியின் வாய் மூடத் தொடங்கும். ஏனைய பற்களுக்கு அன்றும் பற்குச்சி வேண்டும். அலுவிகாரையில் எழுதிவைத்தபடி அதன் நீளம் நான்கு அங்குலிக்குக் குறையாமலும் எட்டு அங்குலிக்கு மேற்படாமலும் இருக்கலாம். கடையில் வாங்கும் தூரிகையும் ஏறக்குறைய அந்த அளவினதே.